புது வண்டியின் புகை

"இன்னிக்கும் புகை கூடுதல்தான். சரியாக்கிண்டு அடுத்த சனிக்கிழமை வாங்கோ."

கமலாக்ஷி தலை நிமிராமல்தான் சொன்னாள். விஸ்வேஸ்வரன் வருத்தப்படுகிறவன் போல முகத்தை வைத்துக்கொண்டு வெளியே வந்தான். வண்டியைக் கிளப்பியதும் மட்டாஞ்சேரிக் கடைத்தெரு முழுவதும் காயலில் மிதப்பது போலிருந்தது.

புகைச் சட்டம் வந்த புதிது. வாங்கி ஒரு மாதம் ஆகாத மோட்டார் சைக்கிளானாலும் புகைக்குழாயில் கருவி வைத்துப் பார்த்து, சர்ட்டிபிகேட் வாங்க வேண்டும். பெட்ரோல் பங்கை ஒட்டிய சின்ன அறையில் அந்தக் கருவியோடு உட்கார்ந்திருந்தாள், பி.எஸ்ஸி. படித்த கமலாக்ஷி. வருகிறவர்களிடமெல்லாம் மலையாளம். முதல் நாள் இவன் வாய் தவறித் தமிழில் "ஏதாவது தப்பா?" என்று கேட்டதிலிருந்து, இவனிடம் மட்டும் தமிழ். தூறல் மாதிரித் தமிழ்.

அந்த முதல் நாள் வண்டி தேறவில்லை. கம்பெனியில் சரிபார்த்துக் கொடுத்தார்கள். அடுத்த முறை தேறிவிட்டால் ஆறு மாதத்துக்கு அந்தப் பக்கம் போக வழியில்லை என்ற பயம் வந்தது இவனுக்கு. அதனால்தான் சனிக்கிழமைதோறும் சுக்குக் கிடங்குச் சந்தில் வண்டியை நிறுத்தி, கார்புரேட்டரில் இருந்த திருகு ஒன்றை அரைச் சுற்று திருகிவிட்டுப் போனான். அதைத் திருகினால் புகை கூடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

மாமாவுக்குப் பொறுமை போய்விட்டது. வண்டி அவர் வாங்கித் தந்தது. "எடா விசு, நான் வண்டி வாங்கித் தந்தேனா, விறகடுப்பு வாங்கித் தந்தேனா?" என்றவர், இந்தச் சனிக்கிழமை சர்ட்டிபிகேட் வராவிட்டால் வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிடப்போவதாகச் சொல்லிவிட்டார்.

தேறினால் அவள் இல்லை. தேறாவிட்டால் வண்டி இல்லை. வாய் திறந்து சொல்லிவிடலாம் என்றால், அந்த அறைக்குள் போனதும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

சனிக்கிழமை திருகைப் பழையபடி வைத்தான். மழை விட்டிருந்தது. ஈரத் தெருவில் சுக்கு வாசனை. வழி தீர்ந்துவிடக் கூடாதென்று மெதுவாக ஓட்டினான்.

கமலாக்ஷி குழாயில் கருவியை வைத்தாள். தன் பக்கம் திரும்பியிருந்த முள்ளை வெகுநேரம் பார்த்தாள்.

"கூடுதல்தான். அடுத்த சனிக்கிழமை வாங்கோ."

"இல்லையே, இன்னிக்கு நான் திருகவே இல்லையே."

சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று உறைத்தது.

அவள் கருவிப் பெட்டியை மெல்ல அவன் பக்கம் திருப்பினாள். சிவப்புக் கோட்டுக்கு வெகு கீழே, அசையாமல் இருந்தது முள்.

"நீங்க திருகினப்போல்லாம் எஞ்சின் சத்தந்தான் கூடித்து," என்றாள் தரையைப் பார்த்தபடி. "முள் முதல் நாள்லேர்ந்தே இங்கேதான் நிக்கறது."