டேரலின் முதல் வாடிக்கையாளர்

"இப்ப சுடுங்க சார்," என்று டேரல் மூச்சை அடக்கிக்கொண்டு சொன்னான். புல்வெளியின் நடுவே ஆண் எல்க் மான் ஒன்று விலாவைக் காட்டியபடி நின்றது. நூற்றைம்பது கஜம்கூட இருக்காது.

வெர்னன் துப்பாக்கியின் தொலைநோக்கிக்குள் வெகுநேரம் பார்த்தார். பிறகு துப்பாக்கியை டேரலிடமே திருப்பிக் கொடுத்தார்.

"நல்ல அழகு. ஆனா இது வேண்டாம் தம்பி."

மான் காதை ஆட்டிவிட்டு மரங்களுக்குள் மறைந்தது. ஐந்து நாளில் இது நான்காவது.

டேரல் பல்லைக் கடித்துக்கொண்டான். வயோமிங் மலைகளுக்கு வேட்டைக்காரர்களை அழைத்துப்போகும் தொழிலில் அவனுக்கு இதுதான் முதல் பருவம். ராணுவம் கழித்துப்போட்ட ஒரு கூடாரம், மச்சானிடம் இரவல் வாங்கிய இரண்டு கோவேறு கழுதைகள், சமையலுக்கு மனைவி ரோண்டா. கழுதைகளில் ஒன்றுக்கு ஒரு கண் தெரியாது.

ஜனவரியில் டென்வரில் வேட்டைக் கண்காட்சி. அங்கே ஒரு மேசை பிடிப்பதற்காகத் தன் பனிவண்டியை விற்றிருந்தான். மேசைக்குப் பின்னால் மாட்ட ஒரே ஒரு படம் வேண்டும்: சுட்ட எல்கின் கொம்பைப் பிடித்தபடி சிரிக்கும் வாடிக்கையாளர். படமில்லாத மேசை முன்னால் ஒருவரும் நிற்க மாட்டார்கள். அப்புறம் கூடாரத்தை மடித்துவிட்டு, பழையபடி மரக்கடையில் பலகை ஏற்றப் போகவேண்டியதுதான்.

அந்தப் படத்துக்கு அவனிடம் இருந்த ஒரே ஆள் வெர்னன். ஒஹாயோவிலிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற தபால்காரர். மனிதர் துப்பாக்கிகூடக் கொண்டுவரவில்லை. "எல்லாம் நாங்களே தருவோம்னு விளம்பரத்துல போட்டிருக்கியே," என்று கையை நீட்டினார். டேரல் தன் சொந்தத் துப்பாக்கியை எடுத்துக் கொடுத்தான்.

கூடாரத்துக்குத் திரும்பியதும் வெர்னன் பீன்ஸும் இறைச்சியும் போட்ட குழம்பை மூன்றாவது கிண்ணம் வாங்கிக்கொண்டார். வெந்நீர் கேட்டார். இன்னொரு தலையணை கேட்டார். "காசு குடுத்திருக்கேன்லம்மா," என்று ரோண்டாவைப் பார்த்துச் சிரித்தார்.

ரோண்டா டேரலை அடுப்புக்குப் பின்னால் இழுத்தாள். "நாளைக்கும் இந்த ஆளு மானைச் சுடலைன்னா, இவரை நான் சுட்டுடுவேன்."

"மெதுவாப் பேசு. கொம்பு போதலைன்னு பாக்குறாரு போல. பெருசா ஒண்ணு வந்தா சுட்டுடுவாரு."

"பெருசா ஒண்ணு வரவழைக்க உனக்குத் தெரியுமா? மானைக் கூப்பிட ஊதுற குழலையே ஓசியிலதானே வாங்கிட்டு வந்தே?"

டேரல் கழுதைகளுக்குத் தண்ணீர் காட்டப் போனான்.

ஆறாம் நாள், கடைசி நாள். விடிந்தபோது புல்லின்மேல் மெல்லிய பனி படிந்திருந்தது. டேரல் ஒரு விழுந்த மரத்தின் பின்னால் வெர்னனை உட்காரவைத்துவிட்டு, குழலை வாயில் வைத்து சண்டைக்கு அழைக்கும் இன்னொரு ஆண் மான் மாதிரி ஊதினான். பள்ளத்திலிருந்து பதில் வந்தது. மறுபடி ஊதினான். பதில் கிட்டத்தில் கேட்டது.

மான் வெளியே வந்தது. பக்கத்துக்கு ஏழு கிளை விட்ட கொம்பு. கழுத்து மயிரில் சேறு. அறுபது கஜத்தில் நின்று, சண்டைக்கு வந்தவனைத் தேடியது. இருபது வருஷமாக இந்த மலையில் அலைகிறான், இப்படி ஒன்றை அவன் பார்த்ததில்லை.

துப்பாக்கியை வெர்னனின் மடியில் திணித்தான். வெர்னன் அதை மெல்ல ஒதுக்கி வைத்தார். சட்டைப்பையிலிருந்து கைபேசியை எடுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மானைப் படம் எடுத்தார். கைபேசி 'கிளிக்' என்றது. மான் ஒரே தாவலில் காணாமல் போனது.

டேரல் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தான்.

"எதுக்கு சார் என் உயிரை வாங்குறீங்க? ஆறு நாளா நாய் மாதிரி அலையறேன். ஒண்ணுகூடவா உங்களுக்குப் பிடிக்கலை?"

"எல்லாமே பிடிச்சுதுப்பா. கடைசியா வந்துதே, அது ராஜா."

"அப்ப சுட்டிருக்க வேண்டியதுதானே!"

"சுட்டா வனத்துறைக்காரன் நம்ம ரெண்டு பேரையும்ல உள்ளே வெப்பான்." வெர்னன் முழங்காலில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டார். "வெளியூர்க்காரங்க எல்க் சுடறதுக்குக் குலுக்கல்ல அனுமதிச் சீட்டு விழணும்ல? எனக்கு விழலை. வந்த அன்னிக்கே சீட்டைக் காட்டுங்கன்னு நீ சொல்வியான்னு பார்த்தேன். நீ கழுதையைத் துரத்திக்கிட்டு இருந்தே, கேக்கவே இல்லை."

டேரல் கணக்குப் பார்த்தான். ஐந்து தடவை அவர் கையில் துப்பாக்கியைத் திணித்திருக்கிறான். ஒரு தடவை அவர் விசையை அழுத்தியிருந்தால்கூட, ஒரு பருவம்கூட முடியாத அவனுடைய வழிகாட்டி உரிமம் அங்கேயே ரத்தாகியிருக்கும். அவன் விழுந்த மரத்தின்மேல் பொத்தென்று உட்கார்ந்தான்.

"சீட்டு விழலைன்னா போன்ல ஒரு வார்த்தை சொல்லிட்டு வீட்டுலயே இருந்திருக்கலாமே சார். எதுக்கு இவ்வளவு தூரம் வந்தீங்க?"

வெர்னன் அவனை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"கட்டின பணம் எந்தக் காரணத்துக்காகவும் திரும்பாதுன்னு நீதானேப்பா எழுதியிருந்தே!"