பெஞ்சு இருந்த இடம்

கடைக்குள் கால் வைத்ததுமே தம்பிக்கு மனசு சுருக்கென்றது. அப்பா போட்ட நீள பெஞ்சைக் காணவில்லை.

அது இருந்த இடத்தில் இடுப்பு உயரத்துக்கு ஆறு பார் ஸ்டூல்கள். கறுப்பு இரும்புக் கால், தோல் மெத்தை, பாதம் வைக்க ஒரு வளையம். பத்திரிகை விளம்பரத்திலிருந்து இறங்கி வந்தவை போல நின்றன.

அந்த பெஞ்சில் உட்கார்ந்துதான் அவன் வீட்டுப்பாடம் எழுதுவான். அப்பா காபி போட்டுக்கொண்டிருப்பார். அவருடைய கூட்டாளிகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு ஊர்க்கதை பேசுவார்கள். நடுவில் இவன். கணக்கில் தப்பு விட்டால் நாலு பேரும் திருத்துவார்கள். நாலும் வேறு வேறு விடையாக இருக்கும்.

"பெஞ்சு எங்கக்கா?"

"குடுத்துட்டேன். இப்ப எல்லாக் கடையிலயும் இதுதான்," என்றாள் அக்கா, கோப்பையைத் துடைத்தபடி.

பதினொரு வருஷம் கழித்து வந்திருக்கிறோம், வந்த அன்றைக்கே சண்டை வேண்டாம் என்றுதான் பார்த்தான். முடியவில்லை. அப்பா காலத்து ஆட்கள் இதில் எப்படி ஏறுவார்கள், வயசானவர்களை விரட்டிவிட்டு இளவட்டங்களைப் பிடிக்கப் பார்க்கிறாயா, அப்பா இருந்தால் இது நடக்குமா என்று பொரிந்து தள்ளினான்.

அக்கா கோப்பையைக் கீழே வைத்தாள். அடுப்பில் பால் இருக்கிறது என்று உள்ளே போய்விட்டாள்.

அந்த நேரம் பார்த்து ஊசி மாமா வந்தார். தெருமுனைத் தையல்காரர், அப்பாவின் உயிர்க் கூட்டாளி. ஒரு காலத்தில் துள்ளித் துள்ளி நடப்பவர். இப்போது கைத்தடி.

தம்பி ஓடிப்போய்த் தாங்கினான். "இருங்க மாமா, உங்களுக்கு வேற நாற்காலி கொண்டு வர்றேன்."

அவர் அவன் கையை மெல்ல விலக்கினார். ஸ்டூலுக்கு முதுகைக் காட்டி நின்று, முழங்காலை மடக்காமல் அப்படியே பின்னால் சாய்ந்தார். உட்கார்ந்தாயிற்று.

"பெஞ்சுல உட்கார்ந்தா எழுப்பிவிட ரெண்டு பேர் வேணும்டா. அந்த வெட்கத்துல நாங்க நாலு பேருமே இந்தப் பக்கம் வர்றதை விட்டுட்டோம்."

தம்பி உள்கதவைப் பார்த்தான். இதை அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?

மாமா குரலைத் தாழ்த்தினார்.

"போன மாசம் உங்கக்கா என்கிட்ட வந்தா. வீட்டுக்காரருக்குக் கால்சட்டை எடுக்கணும், அவரும் உங்க உயரம்தான்னு சொல்லி, என் டேப்பாலயே என்னை இடுப்பு வரைக்கும் அளந்துட்டுப் போனா. அவ வீட்டுக்காரர் என்னைவிட ஒரு சாண் கூட! மறுவாரமே, புது ஃபேஷன் ஸ்டூல் வந்திருக்கு, வந்து பாருங்கன்னு எங்க நாலு பேரையும் கூப்பிட்டா."

"அப்போ உங்களுக்கு எல்லாம் தெரியுமா மாமா?"

"அளவெடுக்கிறதே என் பொழைப்பு, எனக்குத் தெரியாதா? ஆனா அவகிட்ட சொல்லிடாதடா. நாங்க ஃபேஷன்னு நம்பிட்டோம்னு நினைச்சு, பாவம், நிம்மதியா இருக்கா."