பின் சீட்டு சுகம்

“ஷாக் அப்சார்பர் மாத்தாம இனிமே உங்க வண்டியில ஏற மாட்டேன். என் முதுகு போச்சு” என்று மனைவி முடிவாகச் சொல்லிவிட்டாள்.

பேராசிரியர் தன் பழைய மோட்டார் சைக்கிளுக்குப் பொருத்தமான ஷாக் அப்சார்பர் ஜோடியை மாதக்கணக்கில் ஆராய்ந்தார். ஸ்பிரிங்கா, கேஸா என்று மெக்கானிக்குக்கே வகுப்பெடுத்தார். கடைசியில் இருப்பதிலேயே உசத்தியானதை மாட்டி, மனைவியை ஏற்றிக்கொண்டு ஊரைச் சுற்றினார். மேடு பள்ளமே தெரியவில்லை.

“எப்படி?” என்றார் பெருமை பொங்க.

“மெத்தை மாதிரி இருக்குங்க.”

மீசையை நீவிக்கொண்டே அவர் வீட்டு வாசலில் வண்டியைப் பூட்டும்போது, உள்ளே அவள் மெக்கானிக்கிடம் போனில் பேசுவது கேட்டது.

“அண்ணே, பழசையே மாட்டிக் குடுத்துடுங்க. சேச்சே, குலுங்கவே இல்ல. அதான் வம்பு. முன்னெல்லாம் இவர் ஒவ்வொரு பள்ளத்துலயும் நாக்கைக் கடிச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரமாவது வாயை மூடுவார்.”