இருபத்தாறாம் இடம்

குருநகர்க் கரையில் வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது. வலையிலிருந்து நண்டு கழற்றும் கனிசியஸ், கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துவிட்டுப் போனைத் திறக்கிறார். ஈர விரலுக்குத் திரை அசைய மறுக்கிறது. பக்கத்தில் மனைவி யோசப்பின், கண்ணிகளில் சிக்கிய பாசியை இழுத்து இழுத்துப் போடுகிறாள். கனடாவில் ஐஸ் ஹொக்கி தொடங்கி இரண்டு கிழமைதான். அதற்குள் எந்த அணி பலமானது என்று யாரோ வரிசைப்படுத்தி, செவ்வாய்க்கிழமைகளில் இங்கே விடியும்போது இணையத்தில் போடுகிறார்கள். கனிசியஸ் பனிக்கட்டியைக் கண்டது மீன்பெட்டிக்குள் மட்டும். ஆனாலும் அங்கே இருக்கும் மகன் ஜெனிஸின் விருப்ப அணியைத் தேடிக் கீழே, இன்னும் கீழே போகிறார்.

“எத்தினையாமப்பா?” யோசப்பின் கேட்கிறாள்.

“இருபத்தாறு. போன கிழமை பதினொண்டு.”

“இன்னும் ஆறு மாச விளையாட்டுக் கிடக்கெல்லே. இப்பவே வரிசை போட்டு என்னத்தைக் காணப்போறாங்கள்?”

“உதை நம்பக்கூடாதெண்டு அவனே சொல்லுறவன்.”

நம்பாதவன்தான், வருசா வருசம் அணி ஏறிய கிழமை வீட்டுக்குப் போன் எடுத்து, “பாத்தனீங்களே அப்பா” என்று சிரித்துக் கதைக்கிறான். இறங்கிய கிழமை, ‘வேலை’ என்று போனில் ஒரு சொல் மட்டும் வரும்.

கனிசியஸ் போனை மடியில் செருகிவிட்டு, பாதியில் விட்ட நண்டின் காலைத் தேடுகிறார். யோசப்பின் இடுப்பைப் பிடித்தபடி எழும்புகிறாள். அந்தோனியாருக்குக் கொளுத்தும் செவ்வாய்க்கிழமை மெழுகுதிரி அவள் கூடைக்குள் இருக்கிறது. கரையோரக் கூட்டுக்குள் சுரூபமாய் நிற்கும் அவரை நோக்கி நாலடி நடந்தவள், நின்று திரும்புகிறாள்.

“அந்த அணியின்ரை பேரை ஒருக்காச் சொல்லுங்கோ. அவரிட்டைச் சரியாச் சொல்லவேணும்.”