தட்டில் பத்துப் பொருள்

புற்றுநோய் சிகிச்சை முடிந்தும் என் மனைவிக்கு நினைவு தடுமாறியது. டாக்டர் சொன்னபடி தினமும் தட்டில் பத்துப் பொருள்களை வைத்து, ஒரு நிமிடம் காட்டிவிட்டுத் துண்டால் மூடுவேன். அவள் எத்தனை சொல்கிறாளோ, அதை நோட்டில் குறிப்பேன். ஒரு மாதமாக நான்கைத் தாண்டவில்லை.

இன்று சாவி, சீப்பு, ஊக்கு என்று பத்தையும் கடகடவென்று சொன்னாள். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

“அப்புறம், ஆஸ்பத்திரியில கையில கட்டுவாங்களே, அந்தப் பட்டை.”

“அதை அன்னைக்கே வெட்டிக் குப்பையில போட்டாச்சேம்மா.”

“என்னோடது இல்லைங்க.”

துண்டை எடுத்தேன். சீப்புக்குப் பக்கத்தில் ஒரு பட்டை கிடந்தது. அதில் என் பெயரும் அடுத்த மாதத் தேதியும் அச்சாகியிருந்தன.

அவள் முகமெல்லாம் சிரிப்பு.

“சரிதானே? நோட்டுல பதினொண்ணுன்னு போடுங்க.”