உளுந்துக்குப் பின்னால் கடலைப்பருப்பு

டப்பாக்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்வான வரிசையில் நிறுத்தினான்.

துவரை. உளுந்து. கடலைப்பருப்பு.

மூன்றிலும் மனைவியின் கையெழுத்தில் பெயர் ஒட்டியிருந்தது. கேமராவை ஸ்டாண்டில் பூட்டி, உளுந்து என்ற எழுத்தின் மேல் ஃபோகஸ் கட்டத்தைக் கொண்டுவந்து வைத்தான்.

"இப்ப நீயே அழுத்து. நான் தொடலை."

"அழுத்தச் சொன்னா அழுத்துறேன். எனக்கென்ன" என்று அவள் டிவியைப் பார்த்துச் சொன்னாள்.

டிவி அணைந்திருந்தது.

கொழுந்தியாளின் கல்யாணத்தில் அவனே படம் எடுத்த ஆல்பம் வந்த நாளிலிருந்து இப்படித்தான். அவனைச் சாப்பிட வரச் சொல்வதும் டிவியிடம்தான்.

ஆல்பத்தில் மணப்பெண் மங்கல். மாலை மாற்றும்போது மங்கல், தாலி கட்டும்போது மங்கல், அருந்ததி பார்க்கும்போதும் மங்கல். அவளுக்குப் பின்னால் நின்ற தோழி மதுமிதா மட்டும் மூக்குத்திக் கல் மின்ன, பக்கத்துக்குப் பக்கம் பளிச்சென்று இருந்தாள்.

மாமியார் கடைசிப் பக்கம்வரை புரட்டிவிட்டு, கல்யாணம் யாருக்கு என்று கேட்டார்.

அவனோ அந்தப் பெண்ணை ஏறெடுத்தும் பார்த்ததில்லை. சத்தியமாகப் பார்த்ததில்லை. ஆல்பத்தில்தான் முதன்முதலாகப் பார்த்தான்.

புதுக் கேமரா சர்வீசுக்குப் போயிருந்தது. பரணில் கிடந்த பழைய கேமராவையும் பழைய லென்ஸையும் ஜோடி சேர்த்து எடுத்துப் போனான். வந்தது வினை. தனித்தனியே விசாரித்தால் இரண்டும் தங்கம். சேர்த்து வைத்தால்தான் பொருத்தமில்லை. ஒன்றின் மேல் குறி வைத்தால், ஃபோகஸ் அதற்குப் பின்னால் போய் நிற்கும்.

இதை வாயால் சொன்னால் எந்த மனைவி நம்புவாள்?

அதனால்தான் டப்பாக்கள்.

அவள் அழுத்தினாள். அவன் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினான்.

துவரை மங்கல். உளுந்தும் மங்கல். கடலைப்பருப்பில் அவள் பேனா மை இழுபட்ட இடம்கூடத் தெரிந்தது.

மறுபடி அழுத்தினாள். மறுபடியும் கடலைப்பருப்பு.

அவள் லேசில் விடுகிறவள் இல்லை. கடலைப்பருப்பைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் ரவையை வைத்து அழுத்தினாள். ரவை பளிச்சிட்டது.

அவள் முகம் இளகியது. அவனுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

கேமராவில் ஃபோகஸ் பிசகைத் திருத்தும் ஃபைன் டியூனுக்குள் போனான். எண்ணைப் பூஜ்யத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மைனஸ் பக்கம் தள்ளி, படம் எடுத்து, பார்த்து, மறுபடி தள்ளினான். ஒருவழியாக உளுந்து தெளிந்து வந்தது.

"பார்த்தியா? யார்மேல குறி வச்சாலும் பின்னாடி நிக்கிறவங்கதான் விழுவாங்க. நான் என்ன பண்ணுவேன்?"

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை.

"வாங்குன நாள்லருந்தே இப்படித்தான் இருந்திருக்கு."

அவள் சுவரைப் பார்த்தாள்.

சுவரில் அவள் படம். யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில், பந்திக் கூடத்தில், இதே கேமராவும் இதே லென்ஸும் புதிதாக இருந்தபோது அவன் எடுத்தது. அவள் இமை முடி ஒவ்வொன்றும் தெரியும். சுற்றியுள்ள கூட்டமெல்லாம் கரைந்திருக்கும். முன்னால், கீழே, ஆரஞ்சு நிறத்தில் பெரிதாக ஏதோ ஒரு மங்கல். சாமந்தி என்று சொல்லி வைத்திருந்தான்.

அந்தப் படத்தைப் பார்த்துத்தான் அவள் கல்யாணத்துக்குச் சரி என்றாள். அவ்வளவு கூட்டத்தில் இந்த மனுஷன் கண்ணுக்கு நான் மட்டும்தான் தெரிந்திருக்கிறேன் என்று தன் அம்மாவிடம் சொன்னாள். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் இன்றுவரை அதைத்தான் சொல்கிறாள்.

"அப்ப இதுல எதுமேல குறி வச்சீங்க?"

டிவியிடம் கேட்கவில்லை. அவனிடமே கேட்டாள்.

ஜாங்கிரி.

சமையல்காரர் தன் பேனருக்குப் படம் கேட்டிருந்தார். தட்டு நிறைய அடுக்கி, மேலே வெள்ளரி விதை தூவி, மேசை ஓரத்தில் வைத்திருந்தார்கள். அதன் மேல்தான் அவன் குறி வைத்தான். தட்டுக்கு அந்தப் பக்கம் ஒருத்தி குனிந்து நின்றதே வீட்டுக்கு வந்து கணினியைத் திறந்த பிறகுதான் அவனுக்குத் தெரியும்.

தெரிந்ததும் தூக்கம் போனது. அன்றிலிருந்து அவளைத் தவிர வேறு யாரும் அவன் மனதில் இல்லை. அதுவும் உண்மைதான். ஆனால் அவள் கேட்டது அதை அல்ல.

அவள் காத்திருந்தாள்.

அவன் கேமராவின் மேல் தலை குனிந்தான்.

"லென்ஸெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. உன்ன நம்ப வைக்கிறதுக்காக நேத்தே செட்டிங்க மாத்தி வச்சிட்டேன்."

"அப்ப மதுமிதா?"

"பார்த்தேன்" என்றான். குனிந்த தலை நிமிரவில்லை.

அவள் நீளமாக மூச்சு விட்டாள்.

"எனக்கு அப்பவே தெரியும்."

கோபமாகத்தான் சொன்னாள். ஆனால் நேராகச் சுவரருகே போய், அந்தப் படத்தை முந்தானையால் துடைத்து, கோணலை நிமிர்த்தி வைத்தாள்.

"தீபாவளி வரைக்கும் உங்ககூடப் பேச மாட்டேன்" என்று அவன் முகத்தைப் பார்த்தே சொல்லிவிட்டு, உளுந்து டப்பாவை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள்.

அவன் ஃபைன் டியூனைப் பழையபடி பூஜ்யத்தில் வைத்தான்.