இரண்டாம் பந்தி

1941 தை மாசம். தா.பழூர் கல்யாணத்தில் பந்திக்கு உட்காரத் தயங்கினார் வைரக்கண்ணு. கன்னத்துப் புற்றுக்கு மெட்ராஸில் ரேடியம் வைத்துக் குணமாகி ஒரு வருஷமாகியும், வாய் இரண்டு விரல் அளவுக்கு மேல் திறக்காது. பந்தியிலோ கடைசி ஆள் முடிக்கும்வரை யாரும் எழக்கூடாது. போன கல்யாணத்தில் வரிசையே இவர் வாயைப் பார்த்துக் காத்திருந்தது. அதோடு விருந்துகளுக்குப் போவதையே விட்டிருந்தார்.

"சும்மா உக்காருங்க மச்சான்" என்று பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தான் மைத்துனன் செல்லதுரை.

எல்லோரும் மோர்ச்சோற்றை முடித்தும் அவன் விடவில்லை. "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்துங்க" என்றான். பிறகு பாயசம். மறுபடி மோர்.

நல்லவேளை, சாப்பாட்டுராமன் ஒருத்தன் பக்கத்தில் வாய்த்தான் என்று வைரக்கண்ணு சோற்றைக் குழையப் பிசைந்து, நிதானமாக, வயிறாரச் சாப்பிட்டார். அவர் இலையை மூடிய பிறகுதான் செல்லதுரை மூடினான்.

கை கழுவும் இடத்தில் அவன் பெண்டாட்டி பாப்பாயி பிடித்துக்கொண்டாள். "முதல் பந்தியிலயே மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டீங்களே, மறுபடியும் போய் உக்காந்தீங்களா?"

செல்லதுரை ஏப்பத்தை அடக்கிக்கொண்டு அசடு வழிந்தான்.

வைரக்கண்ணு அவன் தோளில் கை போட்டார்.

"நாளைக்கு மறுவூட்டு விருந்துக்கும் வரேன் மாப்ள. வயித்தைக் காலியா வச்சுக்க."